பதினாலு நாள் கெடு

வீடு வாங்கி ஏமாந்தவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வந்ததே இல்லை. கெடா மாநிலத்தில் ஒரு நில அலுவலகத்தின் முகப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். கண் கலங்கி வருகிறவர்களிடம் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, "வாங்குறதுக்கு முன்னாடி எல்லைக்கல்லைப் பார்த்தீங்களா?" என்று கேட்பேன். பார்த்திருக்கமாட்டார்கள். "சரி, உட்காருங்க" என்பேன். (அந்தச் 'சரி'யில் எவ்வளவு திமிர் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

அத்தனை காலமும் நாங்கள் குடியிருந்தது அரசாங்கக் குவார்ட்டர்ஸில். பிறகு பாக்கார் ஆராங்கில் வாடகை வீட்டில். என் மனைவி மங்களாவுக்குச் சொந்த வீடு என்றால் ஒரே அர்த்தம்தான்: யாரையும் கேட்காமல் சுவரில் ஆணி அடிக்கலாம். வாடகை வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் அனுமதி கிடைத்திருக்கும், ஆனால் அவள் கேட்டபோது நான், "அதுக்குப் பாரம் இருக்கு, நிரப்பிக் கொடு" என்றேன். ஆகவே அவளுடைய அப்பா அம்மா படமும், எங்கள் கல்யாணப் படமும், மகளின் பட்டமளிப்புப் படமும் அலமாரி மேல் சுவரில் சாய்ந்தபடியே காலம் தள்ளின. விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் மாமனார் முகங்குப்புற விழுவார்.

பணி ஓய்வு பெற்றதும் செமிலிங்கில் ஒரு வீடு அமைந்தது. ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு வீடுகள். ஒன்று விற்பனைக்கு. மற்றதில், பால்மரம் சீவி ஓய்ந்த அஞ்சலை அக்கா, தன் கோழிகளோடு இருந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலை. மங்களா ஜன்னலைப் பார்த்தாள். நான் பட்டாவைப் பார்த்தேன். பெயர் சரி, வரி பாக்கி இல்லை, வில்லங்கம் இல்லை.

"எல்லைக்கல்ல ஒருதடவ பாத்துரலாமே?" என்றாள் மங்களா.

கல், அக்காவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இடுப்பளவு லாலான் புல்லுக்குள் இருந்தது. நான் போட்டிருந்தது புதுச் சப்பாத்து.

"பிளான்ல இருக்கு. பிளான்ல இருந்தா தரையிலயும் இருக்கும்."

சேமிப்பைக் கொண்டே வாங்கியதால் வங்கியிலிருந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. குடிபுகுந்த அன்று மங்களா பதினோரு ஆணிகள் அடித்தாள். பால் பொங்கியபோதுகூட அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம் இல்லை. மாமனார் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார்.

ஒரு மாதத்தில் கோழிகள் வந்து எங்கள் கீரைப்பாத்தியைக் கிளறின. மங்களா "ஷூ" என்றாள், அவை போய்விட்டன. சாதாரண மனிதனுக்கு அது போதும். நான் பிளானை விரித்தேன், நாடாவை எடுத்தேன். பட்டாவில் உள்ள அகலத்தில் தரையில் நாலடியைக் காணோம். கோழிக்கூடு நின்ற இடம் சரியாக நாலடி. முடிந்தது விசாரணை.

நல்ல மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். ஆக்கிரமிப்பைப் பதினாலு நாளுக்குள் அகற்றாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும். மேலே ஒரு குறிப்பு எண். (வீட்டில் இருக்கும் ஒரே கோப்புக்குக் குறிப்பு எண்!) பத்தடி தள்ளியிருந்த வீட்டுக்கு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அக்கா அதே உறையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, ஏதோ கவர்மெண்டு கடுதாசி மாதிரி வந்திருக்கு. நீங்க படிச்ச ஆளு, என்னான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

மங்களா உறையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "படிங்க, நல்லா சத்தமா."

படித்தேன். வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். அனுப்பியவர் பெயர் வந்த இடத்தில் மட்டும் எனக்கு இருமல் வந்தது.

"பதினாலு நாளா? யாரு லா இந்த ஆளு? ரொம்பக் கோவக்காரரா இருப்பாரு போல."

"ஆமாக்கா," என்றாள் மங்களா. "வீட்டுலயும் அப்படித்தானாம்."

அக்கா என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது. கடிதத்தை நிதானமாக மடித்தார்.

"அளந்து பாருங்க தம்பி. உங்க எடத்துல இருந்தா கூட்ட நகத்திக்கிறேன். கோழிக்கு என்னா தெரியும், பட்டாவும் பிளானும்."

அடுத்த வாரம் நில அளவையாளர் வந்தார். மலாய்க்காரர், அமைதியானவர். லாலானை வெட்டிக் கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்தார். பிளானைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி அளந்தார். கடைசியில், மரியாதையாக "என்சே" என்று விளித்து, "உங்க வீடு எது?" என்று மலாயில் கேட்டார்.

"இதுதான்."

"இல்லை. பட்டாப்படி உங்க வீடு அது." அக்காவின் வீட்டைக் காட்டினார். "இது அந்த அம்மாவுடையது."

வீடு கட்டிய காலத்திலேயே இரண்டு பட்டாவும் ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தன. ஆளுக்கு ஆள் அடுத்தவர் நிலத்துக்கு வரி கட்டி வந்திருக்கிறார்கள். அக்கா குடியிருந்த மனை எங்களுடையதைவிட நாலடி அகலம் கூடுதல். அதுதான் என் பட்டாவில் இருந்த நாலடி. கோழிகள் ஒரு அங்குலமும் தின்றிருக்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மங்களா சுவரைப் பார்த்தபடி நின்றாள், கையில் சுத்தியல். "ஆணியெல்லாம் பிடுங்கணுமா?" என்று கேட்டாள். முகப்பில் இருந்த அத்தனை ஆண்டிலும் யாரும் என்னிடம் அதைவிடக் கஷ்டமான கேள்வி கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டிருந்தோம். அக்கா வீடு மழைக்கு ஒழுகும். "இதுதான் என் வீடு" என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்று கெடாவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப, நீங்க இருக்கிற வீடு என் வீடு?"

"பட்டாப்படி..."

"நீங்கதான் என் எடத்துல இருக்கீங்க?"

"ஆமாக்கா."

அக்கா விறுவிறுவென்று உள்ளே போய் அந்த உறையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"பதினாலு நாள் டைம் தர்றேன், தம்பி."

அளவையாளருக்குத் தமிழ் தெரியாது. அவரும் சிரித்தார். அக்கா சிரித்து ஓய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மங்களாவிடம் போனார். "எங்க ஆளு கண்ண மூடுனது அந்த வீட்டுல. அத விட்டுட்டு நான் எங்கம்மா வரப்போறேன்? சுத்தியல உள்ள வையி. பட்டாவ மாத்தி எழுதிக்குவோம்."

மாற்றி எழுதப் போனது என் பழைய அலுவலகத்துக்கு. வரிசை எண் எடுத்து, அக்காவோடு காத்திருந்தோம். முகப்பில் இருந்த இளம்பெண் நான் பழக்கியவள். கோப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"வாங்குறதுக்கு முன்னாடி எல்லைக்கல்லைப் பார்த்தீங்களா, சார்?"

"இல்லம்மா."

"சரி, உட்காருங்க."

உட்கார்ந்தேன். அக்கா கைப்பையிலிருந்து ஒரு கச்சான் கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் பக்கம் நீட்டினார். அழுதுகொண்டு வந்தவர்களில் ஒருவருக்காவது நான் கச்சான் கொடுத்திருக்கலாம்.

இன்று பட்டாவும் சரி, வீடும் சரி. கோழிகள் தினமும் வருகின்றன. கீரைக்காக மங்களா "ஷூ" என்கிறாள். பினாங்கில் இருக்கும் மகள், கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "பதினாலு நாள்" என்கிறாளாம். பன்னிரண்டாவது ஆணியை மங்களா அந்தக் கடிதத்துக்காக அடித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டு, குறிப்பு எண்ணோடு, மாமனார் பக்கத்தில் தொங்குகிறது.

மாலைத் தேநீருக்கு வரும்போதெல்லாம் அக்கா அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார்.

"யாரு லா இந்த ஆளு? ரொம்பக் கோவக்காரரா இருப்பாரு போல."

"இப்ப கொஞ்சம் தேவலாம், அக்கா," என்பாள் மங்களா.