வீரமலை சார் வாயை மூடிய கதை

அறுபத்திரண்டாம் வருஷத்துக் கோடை விடுமுறையில், இனிமேல் யாருக்கும் புத்தி சொல்வதில்லை என்று வீரமலை சார் சபதம் எடுத்தார். ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினால்கூட, எப்படித் தும்மியிருக்க வேண்டும் என்று காவிரிப் பாலம் தாண்டும்வரை விளக்குகிற மனுஷர் அவர்.

காரணம் இருந்தது. வளரும் வயதுப் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்டு வழிகாட்ட ஆலோசகர்கள் வேண்டும் என்று, திருச்சியில் வாத்தியார்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். சாருடைய பள்ளிக்கூடம் அவரைத்தான் அனுப்பியது. நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டைப் பட்டன் ஒன்று காணாமல் போனது.

பயிற்சியின் சாரம் இவ்வளவுதான். புத்தி சொல்லாதே. பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொல். பிறகு வாயை மூடு. மிச்சத்தை அதுவே பேசும். முடிவும் அதன் வாயிலிருந்தே வரும்.

ஒத்திகைக்கு மாட்டியவள் மனைவி வெள்ளையம்மாள்.

"என்னங்க, அரிசி தீர்ந்துபோச்சு."

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சார் குரலைத் தாழ்த்தினார். "அரிசி தீர்ந்துபோனது உன் மனசை வாட்டுது. அப்படித்தானே?"

"என் மனசுக்கு என்ன கேடு? ராத்திரி உங்க வயிறுதான் வாடும்."

வீட்டில் வேறொரு வாட்டமும் இருந்தது. மகள் ரங்கநாயகி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். திருச்சி காலேஜில் பி.யூ.சி. சேரவேண்டும் என்றாள். "தெருமுனையில டைப்ரைட்டிங் இருக்கு, அது போதும்" என்று சார் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டி பானைதான் பேசிக்கொண்டது. காலேஜில் மனு கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

இந்த நேரத்தில்தான் பயிற்சியின் பரீட்சை வந்தது. ஆலோசகர் ஒரு பிள்ளையோடு பேசவேண்டும். பயிற்சி கொடுத்த செல்வமேரி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பள்ளிக்கூடமோ லீவு. எனவே சொந்த வீடு, சொந்த மகள்.

சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். விருந்தாளி முன்னால் பெண் எதிர்த்துப் பேசமாட்டாள். ரெண்டு தடவை திருப்பிச் சொன்னால் டைப்ரைட்டிங் என்று அவளே சொல்லிவிடுவாள். பரீட்சையும் பாஸ், வீடும் அமைதி!

சனிக்கிழமை டீச்சர் வந்தார். எதிரெதிரே ரெண்டு நாற்காலி.

"சொல்லும்மா. உன் மனசுல என்ன இருக்கு?"

"காலேஜ்ல படிக்கணும்."

டைப்ரைட்டிங் என்ற வார்த்தை சாருக்குத் தொண்டைவரை வந்தது. டீச்சரின் பேனா நிமிர்ந்தது. வார்த்தையை விழுங்கினார்.

"உனக்கு... காலேஜ்ல படிக்கணும்."

"ஆனா வீட்ல ஒருத்தர் விடமாட்டேங்கறார்."

"ஒருத்தர்... விடமாட்டேங்கறார்."

"சரியான பிடிவாதக்காரர்."

சார் வியர்வையைத் துடைத்தார். "ச... சரியான பிடிவாதக்காரர்."

அடுப்படியில் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

"அருமை!" என்றார் டீச்சர். "இந்த வயசுப் பிள்ளை இவ்வளவு மனசு திறந்து பேசறது லேசில்ல. அடுத்து அந்த ஒருத்தர்கிட்டப் பேசணும். வரச் சொல்லுங்க சார்."

"நான்தான் டீச்சர் அந்த ஒருத்தர்."

"அட! அப்போ பொண்ணு இடத்துல நீங்க உட்காருங்க. உங்ககிட்ட யார் பேசறது?"

வெள்ளையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான் பேசறேன் டீச்சர். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். அச்சு அசல் சாருடைய ரேடியோக் குரல்.

"சொல்லுங்க. உங்க மனசுல என்ன இருக்கு?"

"காலேஜ் போற டவுன் பஸ்ல கூட்டம்!"

"பஸ்ல கூட்டம்னு பயப்படறீங்க."

"எனக்கென்ன பயம்? பள்ளிக்கூடத்துக்கு தினம் அதே பஸ்லதானே போறேன்!"

"தினம் அதே பஸ்லதான் போறீங்க."

"ஆமா!"

வெள்ளையம்மாள் வாயை மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பேசியது. கொல்லையில் காக்கை பேசியது. பேசாமல் இருப்பது மட்டும் சாரால் ஆகாத காரியம்.

"அப்போ... அவளும் என்கூடவே வரலாம்ங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. உங்ககூடவே வரலாம்னு நீங்கதான் சொல்றீங்க."

"வரலாம். ஆனா, போய் ஃபெயிலாகிட்டா?"

"ஃபெயிலாகிடுவான்னு நினைக்கிறீங்க."

"யாரு, என் பொண்ணா?" சார் எழுந்தே விட்டார். "ஸ்கூல்லயே முதல் மார்க்குடி! எங்க சொந்த ஊரு வையம்பட்டியில, எங்க வம்சத்துலயே இப்படி ஒரு மூளை பிறந்ததில்ல! இவ காலேஜ் போகாம வேற எவ போறது?"

ரங்கநாயகி மனுவையும் பேனாவையும் நீட்டினாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான், போட்டது தன் கை என்று சாருக்கு உறைத்தது.

இருந்தாலும் பரீட்சை பரீட்சைதானே? "டீச்சர், நான் பாஸா?"

"பாஸ்தான் சார். அடுத்த பயிற்சியில இதை அப்படியே எல்லாருக்கும் பேசிக் காட்டணும். உங்க மனைவியைக் கூட்டிட்டு வாங்க."

சாருக்குத் தலை கூரையைத் தொட்டது. "நானும் வந்து ரெண்டு வார்த்தை பாடம் எடுக்கணுமோ?"

"கட்டாயம் வாங்க சார். பிடிவாதக்காரரா உட்கார இவ்வளவு பொருத்தமான ஆளுக்கு நான் எங்கே போவேன்?"