உன் அம்மாவின் கச்சேரியில் நான் மேடையேறியது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. சனிக்கிழமை முதல் என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் நீ அனுப்பிய விஆர் கண்ணாடி. வந்து எடுத்துக்கொண்டு போய்விடு.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவின் பாட்டுக் குழு போன தடவை மேடையேறியபோது நான் குறட்டை விட்டது உண்மைதான். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். ஸ்டியரிங் கையில் இல்லாமல் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுகிறது. "அப்பாவுக்குப் பாட்டு கேக்கவே தெரியல" என்று சொல்லி, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இசை ரசனை சொல்லிக்கொடுக்கும் அதே கண்ணாடியை அனுப்பினாய். மாட்டிக்கொண்டால் நம் வீட்டுக் கூடம் போய்ப் பெரிய அரங்கம் வருகிறது, மேடையில் பாடகர்கள் வரிசையாக நிற்கிறார்கள், "எழுந்து போங்க, யார் பக்கத்துல வேணும்னாலும் நின்னு கேளுங்க" என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. போனேன். ஒருவர் வாயருகே காதை வைத்தால் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது, நகர்ந்தால் அடுத்தவர் குரல். இத்தனை காலம் ஒரே சத்தமாக என் காதில் விழுந்தது, ஆளுக்கொரு விதமாகப் பாடிச் சேர்த்தது என்று அப்போதுதான் விளங்கியது. கண் கலங்கிவிட்டதும்மா. கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்க வழியில்லை, அதைச் செய்தவர்களிடம் சொல்லி வை. தினமும் கேட்டேன். பீரோவில் இரண்டு தடவை முட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் உப்பு கேட்டு வந்தபோது அவர் வாயருகே காதை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் அவர் உப்பு கேட்டு வரவில்லை.

சனிக்கிழமை நூலகத்து மாடி ஹாலில் அம்மாவின் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்தேன், தூங்கவில்லை. இரண்டாவது பாட்டில் எல்லார் குரலும் கேட்டது, அம்மா குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை. சரி, பக்கத்தில் போய்க் கேட்போம் என்று எழுந்தேன். கண்ணாடி மாட்டியிருக்கிறேனா இல்லையா என்கிற நினைப்பே வரவில்லை. படியேறி, பியானோக்காரரைச் சுற்றிக்கொண்டு போய், உன் அம்மா வாயருகே காதை வைத்தேன். சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைகிறது.

"நீ பாடவே இல்லையே" என்றேன்.

"கீழ போங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பயமா இருக்கா? நான் நிக்கிறேன், பாடு."

பாட்டு டீச்சர் கையை வீசித் தாளம் காட்டிக்கொண்டே என்னை முறைத்தார். இறங்கலாம் என்று பார்த்தால் அம்மா என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். பிடித்தபடியே பாடினாள். என்ன குரல்மா அது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் குனிந்து வணங்கிவிட்டேன்.

ஆக, பயத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவளைப் பாட வைத்தது நான். நன்றி சொல்ல வேண்டியவள், என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை 'டங்'கென்று வைத்துவிட்டுப் போகிறாள். இந்த ரசனை எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்தியின் தலையில் நான் கை வைத்ததாக நினைத்து ஒரு தடவை தடவிக் கொடு.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் அம்மா பிடுங்கிப் படித்துவிட்டாள். பயமும் இல்லை, ஒன்றும் இல்லையாம். அதுவரை நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தாளாம், நான் படியேறி வருவதைப் பார்த்துத்தான் குரல் நின்றுபோனதாம். சட்டையைப் பிடித்தது, நான் அடுத்த பெண்ணின் வாயருகேயும் போய்க் காதை வைத்துவிடக்கூடாதே என்றுதானாம். "இதையும் எழுதுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன். கண்ணாடி இங்கேயே இருக்கட்டும் என்கிறாள். அடுத்த கச்சேரிக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "படிக்குப் பக்கத்துலயே உக்காருங்க. ஆனா நான் கூப்பிட்டா மட்டும் வாங்க."