பச்சை வரிகளில் தேர்ச்சி

ஒரு முறை யோசித்ததை மறுமுறை யோசிக்க வேண்டாம் என்கிற மாபெரும் விடுதலை மனித குலத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. இடம், அந்தப் பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூட்ட அறை. மாலைகள் எதுவும் தயாராக இல்லை. குளிர்சாதனம் மட்டும் தேவைக்கு அதிகமாக வேலை செய்தது.

விடுதலையை ஏற்றுக்கொள்ள வந்திருந்தவர்களில் நம்முடைய மொழிபெயர்ப்பாளரும் ஒருவர். நோயாளிகள் தங்கள் மொழியில் எழுதித் தருவதை டாக்டர்களின் மொழிக்கு மாற்றுவதும், இருவரும் நேரில் பேசும்போது நடுவே நின்று சொல்வதும் அவர் வேலை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவருக்கு ஒரு கெட்ட குணம் ஒட்டிக்கொண்டிருந்தது. படிவத்தைக் கையில் எடுத்ததும் வார்டுக்குப் போய், "எங்க வலிக்குது, கையை வச்சுக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். நிர்வாகம் இதற்கு 'தேவையற்ற நடமாட்டம்' என்று பெயர் வைத்திருந்தது.

புது மொழிபெயர்ப்புக் கருவியில் பயிற்சி மூன்று நாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண் எடுத்தால் சான்றிதழ். எடுக்காவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறை. அங்கே ஜன்னல் கிடையாது, பேச ஆளும் கிடையாது. பேசியே பிழைத்தவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி தர வந்த அம்மையார் கருவியை அறிமுகப்படுத்தினார். இதுவரை மொழிபெயர்த்த எல்லாப் படிவங்களும் அதன் 'நினைவக'த்தில் இருக்கின்றன. புதிதாக ஒரு வரி வந்தால், அதைப் போன்ற பழைய வரியைத் தேடி, அதன் மொழிபெயர்ப்பையே கொண்டுவந்து வைக்கும். தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் வரி பச்சையாகிவிடும்.

"பச்சையை என்ன செய்யணும் மேடம்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. தொட்டா மார்க் போயிடும்."

"படிச்சுப் பாக்கலாமா?"

"படிச்சா சந்தேகம் வரும் சார். சந்தேகம் வந்தா கை சும்மா இருக்காது."

"அந்த மீதி அஞ்சு சதவீதம்..."

"தொண்ணூத்தஞ்சு வாங்கின பிள்ளையைப் பாத்து மீதி அஞ்சு எங்கேன்னு கேக்கற அப்பா நீங்க. சரிதானே?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார். அவர் அப்படிப்பட்ட அப்பாதான்.

பயிற்சிக்கென்று தனிப் படிவங்கள் தயாரிப்பது காலவிரயம் என்பதால், அன்றன்று வந்த உண்மையான நோயாளிகளின் படிவங்களே தரப்பட்டன. முதல் நாள் அவர் கை பரபரத்தது. இரண்டு பச்சை வரிகளைத் தொட்டுவிட்டுத் திட்டு வாங்கினார். இரண்டாம் நாள் ஞானம் பிறந்தது. கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டால் எழுத்து மங்கிப் பச்சை மட்டும் தெரியும் என்று கண்டுபிடித்தார். ஒரே நாளில் இருநூற்றுப் பதினேழு வரிகள்! அம்மையார் அவரை எழுந்து நிற்கச் சொல்லி மற்றவர்களைக் கைதட்ட வைத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகலில் வந்த படிவம் அவருடைய சொந்த அக்காவினுடையது. வலது முழங்காலில் எட்டு மாதமாக வலி, நடக்க முடியவில்லை என்று அக்காவின் கோணல் கையெழுத்து சொன்னது. யாரோ ஒருவரின் இடது முழங்காலை நினைவகம் கொண்டுவந்து வைத்தது. தொண்ணூற்றேழு விழுக்காடு. பச்சைப் பசேல்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அக்கா மங்க மறுத்தாள். அந்த வலது காலைத்தான் எட்டு மாதமாக அவர் தாங்கிப் பிடித்து மாடிப்படி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்.

தொட்டு, 'இடது' என்பதை 'வலது' ஆக்கினார். உடனே திரையில் ஒரு பெட்டி குதித்தது. 'ஏன் தொட்டீர்கள்? காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்: விரல் வழுக்கியது. தூக்கக் கலக்கம். இனித் தொட மாட்டேன்.' மொழிபெயர்ப்பு தவறு என்றொரு காரணம் இருக்கக்கூடும் என்று கருவிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 'விரல் வழுக்கியது' என்பதை அழுத்தினார். அரை மதிப்பெண் போனது. தொண்ணூற்றெட்டரையில் தேறினார். சான்றிதழும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சை அட்டையும் கிடைத்தன.

அடுத்த வாரம் அக்காவுக்கு வலது காலில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனார்.

"வாடா. எனக்கு ஒரு குறையும் இல்ல. பக்கத்துப் படுக்கை அம்மாவைத்தான் பாக்க முடியல. நல்லா இருந்த காலை அறுத்துட்டாங்களாம். அப்புறம்தான் வலிச்ச காலைப் பண்ணினாங்களாம். அவங்க சரியாத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

இரண்டு கால்களிலும் கட்டுடன் அந்த அம்மாள் படுத்திருந்தாள். கால்மாட்டில் தொங்கிய படிவத்தில் தேதி, பயிற்சியின் இரண்டாம் நாள். அடியில் மொழிபெயர்த்தவரின் எண். அது அவருடைய எண்தான்.

டாக்டர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். அம்மாள் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உனக்கு அவரு பேச்சு தெரியுமாமே. என் காலை மாத்தி எழுதினது யாருன்னு கேட்டுச் சொல்லுப்பா."

மொழிபெயர்ப்பாளர் டாக்டர் பக்கம் திரும்பினார். ஒரு கணமும் தயங்காமல், தெளிவாக, டாக்டரின் மொழியில் சொன்னார்:

"ரொம்ப நன்றின்னு சொல்றாங்க டாக்டர்."

இந்த வரிக்கு அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.