துருவுக்கு வக்காலத்து

மனித குலத்தில் துரு வக்கீல் என்றோர் இனம் உண்டு. கண்ணெதிரே எது கெட்டுப்போனாலும், அது கெடவில்லை, பக்குவப்படுகிறது என்று வாதாடுவதே இந்த இனத்தின் பிழைப்பு. சுவரில் விரிசலா? "கட்டடம் மூச்சு விடுது." குழாய் ஒழுகுகிறதா? "தானா அடைஞ்சுக்கும்." இப்படி ஒருவரைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்குத் தெரிந்த துரு வக்கீல், காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் வெதரிங் ஸ்டீல் பற்றி அரைப் பக்கம் படித்துவிட்டார். செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்த எஃகு, முதலில் பிடிக்கும் துருவே இறுகிப் படலமாகி உள்ளிருப்பதைக் காக்கும், பாலத்துக்கும் கட்டட முகப்புக்கும் போடுகிறார்கள், பெயின்ட் வேண்டாம். பெயின்ட் வேண்டாம் என்றதும் மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் மகளுக்கு வெளிப்படிக்கட்டு முழுவதையும் அந்த எஃகிலேயே போட்டார்.

மீதி அரைப் பக்கத்தை யார் படிப்பது? நனைந்தால் நன்றாகக் காய வேண்டும், உப்புக்காற்று ஆகாது, தண்ணீர் தேங்கக் கூடாது என்றெல்லாம் அதில்தான் இருந்தது. இவர் வீட்டிலிருந்து கடல் இரண்டே தெரு. போதாக்குறைக்குப் படிக்குப் படி பூந்தொட்டி வைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார்.

சில வருடங்களில் படிகள் செதில் செதிலாக உரிந்தன. மாப்பிள்ளை வெல்டிங்காரரைக் கூட்டி வந்தார். அவர் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினார். முனை உள்ளே போயிற்று.

"சார், இது படலமில்ல, அரிப்பு. மாசமா இருக்கிற பொண்ணு ஏறி இறங்குற படி. மாத்திடுங்க."

"நீ எத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கே?"

"இருபத்திரண்டு வருஷம் சார்."

"அதான். பழைய இரும்பையே பாத்துட்டிருக்கே. கொஞ்சம் படிக்கணும்ப்பா."

இருபத்திரண்டு வருடம் இரும்போடு மாரடித்தவருக்கு அரைப் பக்கம் பாடம் நடத்துகிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் மகள் துணிக்கூடையோடு இறங்கினாள். ஐந்தாம் படி பிய்ந்தது. முழங்கால்வரை கால் உள்ளே போய்விட்டது. கைப்பிடியை இறுகப் பிடித்ததால் வயிற்றில் அடி படவில்லை. மாப்பிள்ளை ஓடிவந்து தூக்கினார், அம்மா அழுதுகொண்டே தண்ணீர் கொண்டு வந்தாள். நம் வக்கீல்? உடைந்த தகட்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாப்ள, என்னா கலரு! இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தா கெட்டியாயிருக்கும்."

மகள் காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "அந்த மழைக்காலத்துக்கு நாங்க வேற வீட்டுல இருப்போம்ப்பா" என்றாள். அந்த மாதமே போய்விட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஆடுகிற கைப்பிடியோ பொறி பறக்கிற சுவிட்சோ ஒன்று இருக்குமே, அதைப் பற்றி வீட்டில் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டும் இருப்பார்களே. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நேற்றுகூட ஒருவர் பதில் சொன்னார். யார் குரல் அது?