கருமணி விரிந்த விவகாரம்

செகொண்டி, செவ்வாய்க்கிழமை

கேப் கோஸ்டில் மூட்டுவலி தணிந்து சௌக்கியமாக இருக்கும் மூத்த அக்கா அராபாவுக்கு, தம்பி கோபினா வணங்கி எழுதுவது. இங்கே நான் நலமென்றுதான் சொல்லவேண்டும்.

நிற்க. சனிக்கிழமை நீங்கள் நம் வழக்கப்படி ஜின் பாட்டிலோடு வந்து, சோளமாவுக் கென்கியும் வறுத்த மீனும் விற்கும் அபாவை எனக்குப் பெண் கேட்பதாக இருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் ரேடியோவில் ஒரு டாக்டர், பிடித்த ஆளைப் பார்த்தால் கண்ணின் கருமணி தானாக விரியும், மனசு மறைத்தாலும் அது மறைக்காது என்றார். முப்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்த எனக்கு இது பெரிய காரியமா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், மீன் வறுத்துக்கொண்டிருந்த அபாவின் முகத்துக்கு நேரே அடித்தேன். அக்கா, கருமணி கடுகாட்டம் சுருங்கிப்போச்சு. அந்த எழவை அந்தப் பக்கம் காட்டச் சொல்லித் திட்டினாள். வாங்கின கென்கியை அப்படியே வச்சிட்டேன். சந்தேகத்துக்குப் பாதிரியார் கண்ணுல அடிச்சேன், சுருங்கிச்சு. பக்கத்து வீட்டு எபோ கண்ணுலயும் அப்படியே. ஊர்ல ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு ஆயிடுச்சு. ஒருவேளை என் பார்வையிலதான் கோளாறோன்னு நேத்து கண்ணாஸ்பத்திரிக்குப் போனா, வெளிச்சம் பட்டா யாருக்கும் சுருங்கத்தான் செய்யும்னு நர்ஸம்மா வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சு, சோதனைக்குன்னு என் கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டா. அதுல என் கருமணி ரெண்டும் காசாட்டம் விரிஞ்சு நின்னுச்சு. வெயில்ல கண்ணு கூச, தட்டுத்தடுமாறி அபா கடைக்குப் போய், மீன்னு நெனச்சு அவ கையைப் புடிச்சிட்டேன். அவ கையை இழுக்கல. என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் மெதுவா, "உங்க அக்காவ வரச் சொல்லுங்க"ன்னா.

துள்ளிக்கிட்டு வீடு வந்தேன். சாயங்காலம் மருந்து இறங்கினதும்தான் யோசிச்சேன். அவளும் அந்த ரேடியோவைக் கேட்டிருப்பா. என் ஆசை நெசந்தான், ஆனா அவ பாத்தது சொட்டு மருந்த. பொய் சிக்னல் காட்டிப் பொம்பளைய வண்டியில ஏத்தலாமா? ஆகையால் சனிக்கிழமை வரவேண்டாம். முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக.

தங்கள் தம்பி
கோபினா எஸ்ஸுமன்

பி.கு.: உறை ஒட்டியாகிவிட்டதால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். தபாலில் போடும் வழியில் அபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னது: "நேத்து நான் கண்ணாடியே போடல, உங்க மூக்கு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, இதுல கருமணியாம். ஒத்தை ஆளா இருந்துக்கிட்டு மூணு வருஷமா தெனமும் நாலு கென்கி வாங்குற மனுஷன நான் வேற எங்கயும் பாத்ததில்ல." சனிக்கிழமை வாருங்கள். பாட்டில் பெரியதாக இருக்கட்டும்.