‘வெட்டு’ லியோவின் தலை

“வீட்லதானே இருக்கீங்க? டவுன் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். உங்க பையன் லியோ நன்னடத்தைச் சான்று கேட்டு மனுப் போட்டிருக்காரே, அந்த விசாரணைக்கு வர்றேன். அரைமணி நேரத்துல அங்க இருப்பேன்.”

“வாங்க சார், தாராளமா வாங்க” என்று சொல்லிப் போனை வைத்த பெரியநாயகசாமி வாசலைப் பார்த்தார்.

வாசலில் குறுவை நெல் குவிந்து கிடந்தது. படுதாவை எலி கடித்துவிட்டதால், அதன்மேல் பழைய பேனர் ஒன்றைப் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்திருந்தார். போன வருஷம் அண்ணன் பேத்தி ஜாய்ஸ் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு லியோவின் சிநேகிதப் பிள்ளைகள் அடித்த பேனர். வெள்ளைக் கவுனில் ஜாய்ஸ் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். பங்குச் சாமியாருக்குக் கொஞ்சம் பெரிய இடம். மிச்ச இடம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட பயல்கள். அவர்கள் நடுவே, காதில் செல்போனோடு, ‘வெட்டு’ லியோ.

லியோ யாரை வெட்டினான் என்று கேட்காதீர்கள். கோழி அறுக்கச் சொன்னாலே கொல்லைப்பக்கமாக ஓடிப்போகிற ஜென்மம் அது. பட்டப்பேர் இல்லாதவனைப் பேனரில் போட்டால் பேனருக்கே கேவலம் என்று, அவனுக்கும் ஒன்றை வைத்துவிட்டார்கள்.

ஆனால் வருகிற போலீஸுக்கு அது தெரியுமா? மூன்று வருஷம் காத்திருந்து குவைத்தில் கிடைத்த வேலை. போலீஸ் சான்று இந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. மெடிக்கலுக்காக லியோ திருச்சி போயிருந்தான். தலைவலி முழுக்க அப்பன் தலையில்.

“புஷ்பம்! போலீஸ் வருதுடி! பேனரை எடு!”

மரியபுஷ்பம் நிதானமாக வானத்தைக் காட்டினாள். “எடுத்துட்டு? மழை இப்பவோ அப்பவோன்னு நிக்கிது. நெல்லு நனைஞ்சா கொள்முதல்ல கையால தொடமாட்டாங்க. திருப்பிப் போடுங்க, வேலை முடிஞ்சுது.”

“அடியே, அந்தப் பக்கம் என்னன்னு மறந்துட்டியா?”

அந்தப் பக்கமும் பேனர்தான். ஒற்றைப் பேனர் ஒழுகுகிறதென்று, இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கோணி ஊசியால் இவரே தைத்து, தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பெரிசா இருந்துடப் போவுது? கபடிதானே!” என்றாள்.

புரட்டினார்கள். ‘ஜாமீன் பாய்ஸ் கபடிக் குழு’ பளிச்சென்று விரிந்தது. இங்கே லியோ ஆளுயரம். கையில் அரிவாள் வேறு, பேனர் கடைக்காரன் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தது. காலடியில் ‘போலீஸ் தேடும் புலியே!’ என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் வெளியூரிலிருந்து ஆட வந்த பயல்கள்: ‘பெட்ரோல்’ ராஜ்குமார், ‘ஜெயில்’ அரவிந்தன்.

“மாதாவே!” என்று நெஞ்சில் சிலுவை போட்டாள் மரியபுஷ்பம்.

பெரியநாயகசாமி தொழுவத்துக்கு ஓடினார். இரண்டு கை நிறையச் சாணி அள்ளி வந்து மகன் முகத்தில் அப்பினார். முகம் மறைந்தது. அரிவாள் மறையவில்லை, பேரும் மறையவில்லை.

“நல்லா இருக்கு போங்க! எதிராளி எவனோ சாணி அடிச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. ஊர்ல பகையான்னு கேக்கப் போறாங்க.”

“அப்ப ஒரே வழிதான்” என்று எரவாணத்தில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவினார். முகம், பட்டப்பேர், அரிவாள், புலி எல்லாம் சேர வளைத்து ஒரே அறுப்பு. கையோடு வந்தது தலை. கூடவே அடியிலிருந்து இன்னொரு துண்டும் வந்தது. மரியபுஷ்பம் எடுத்துப் பார்த்தாள்.

“அட பாவி மனுஷா! பங்குச் சாமியார் தலையையும் சேர்த்து எடுத்துட்டீங்களே!”

பைக் சத்தம் கேட்டது. மழையும் அப்போதுதான் வந்து இறங்கவேண்டுமா? சட்டையிலிருந்த பேர்ப்பட்டையும் மறைய மழைக்கோட்டைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு இளவட்டப் போலீஸ்காரர் ஒருவர் இறங்கி வந்தார். எதிரே, ஒரு கையில் அரிவாள், மறு கையில் சாணி வழியும் மகன் தலை, பல்லெல்லாம் தெரியப் பெரியநாயகசாமி.

“வாங்க சார். எம் பையன் ரொம்ப சாது.”

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். ஓட்டை வழியாக மழை நெல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. மரியபுஷ்பம் ஓடிப்போய் அலுமினியப் பேசினைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தாள்.

“பையன் மேல அடிதடி கேஸ் ஏதாவது?” என்று ஒரு வழியாகக் கேட்டார் அவர். கேள்வி இவரிடம், கண் பேனர் மேல். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். அந்தக் கபடி வரிசையை விட்டு நகரவே இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் பெரியநாயகசாமி. மூன்று வருஷமாக மகன் கண்ட கனா கண்முன்னே கரைகிறது. பெத்த மனம் தாங்குமா? கொட்டிவிட்டார்.

“சார், உள்ளதைச் சொல்லிடறேன். வெட்டுனது எம் புள்ள தலையைத்தான். ஆனா அவன் பசு சார்! வெட்டுங்கிறது சும்மா வெச்ச பேரு. சேர்க்கை சரியில்ல, அவ்வளவுதான். இதோ பக்கத்துல நிக்கிறான் பாருங்க, ‘ஜெயில்’ அரவிந்தன்னு, இவனை மாதிரி கழுதைங்கதான் கெடுத்தது. மூஞ்சியைப் பாருங்க சார்! கண்ணாடி போட்டிருந்தாலும் தெரியுதே, திருட்டு முழி! உங்களுக்குத் தெரியாததா? பார்த்தாலே சொல்லிடமாட்டீங்க?”

“ஆமா சார், செம்பட்டைத் தலையும் அவனும்! எவ பெத்து வளர்த்தாளோ!” என்று ஒத்து ஊதினாள் மரியபுஷ்பம்.

போலீஸ்காரர் இருமினார். இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேப்பரை மடித்து மழைக்கோட்டுக்குள் பத்திரமாக வைத்தார்.

“பையன் மேல ஒண்ணும் இல்லன்னு ஸ்டேஷன்லயே பாத்துட்டுதாங்க வந்தேன். ரிப்போர்ட் இன்னிக்கே நல்லபடியா போயிடும். குவைத்துக்கு டிக்கெட் போடச் சொல்லுங்க.”

“நீங்க நல்லா இருக்கணும் தம்பி!” மரியபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க.”

“காபி வேணாங்கம்மா.” அவர் பெரியநாயகசாமி பக்கம் கையை நீட்டினார். “ஐயா, அந்த அரிவாளைக் கொஞ்சம் குடுங்க. அந்தத் திருட்டு முழிக்காரன் தலையை நானே அறுத்து எடுத்துக்கறேன், போலீஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ஆடின ஆட்டம் அது, எனக்குப் பொண்ணு பேசியிருக்கிறது இதே தெருவுலதாங்க.”