ஒரு நிமிடமும் தாமதிக்காத மேல்புளியங்கொல்லை ரயில்

ஜவ்வாது மலையில் ரயில் கிடையாது. தண்டவாளம் கிடையாது. தண்டவாளம் போடுகிற அளவுக்கு மட்டமான நிலமும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மலையில் பொம்மைக் கட்டைகளால் ரயில் கட்டும் ஆர்வலர்கள் இன்று முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். இதற்கு முழுப் பொறுப்பு ஒரு சுற்றறிக்கையும் மேல்புளியங்கொல்லை அருணகிரியும். அருணகிரியைக் கேட்டால் சுற்றறிக்கை மட்டும்தான் என்பார்.

அருணகிரிக்கு மூன்று ஏக்கர் சாமைக் காடு, எட்டுப் புளியமரம், சுவேதா என்று ஒரே மகள். சுவேதா திருப்பத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். பஸ் ஊருக்குள் வராது. ஆறு கிலோமீட்டர் தள்ளி, சாலை பிரிகிற கூட்ரோட்டோடு திரும்பிவிடும். அவள் விடியக்காலை நடந்துபோய் நிற்பாள். ஏழு பத்து பஸ் வந்தால் முதல் வகுப்பு உண்டு. அது வாரத்தில் இரண்டு நாள் வராது. வராத நாளில் முதல் வகுப்பு இல்லை, வருகை எடுப்பதும் அந்த வகுப்பில்தான். இப்படியே போய் அவளுடைய வருகைப் பதிவு அறுபத்தொரு சதவிகிதத்துக்கு இறங்கியிருந்தது. எழுபத்தைந்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

ஆகவே அருணகிரி, பஸ்ஸை ஊர்வரைக்கும் விடச்சொல்லி, மலைப்பகுதி நலவாழ்வு ஒருங்கிணைப்புக் கிளை அலுவலகத்தில் மனு கொடுத்துவந்தார். ஏழு மனு கொடுத்திருந்தார். எட்டாவதை எடுத்துக்கொண்டு போன அன்றுதான் சுற்றறிக்கை மலையேறி வந்திருந்தது.

உள்ளே கிளை அலுவலர் கோகுலகிருஷ்ணன் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே உதவியாளர் சிவசங்கரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பொருள்: அலுவலர்கள் - மன அழுத்தம் - அகற்றுதல் - ஆளுக்கொரு பொழுதுபோக்கு மேற்கொள்ளுதல் - பதினைந்து தினங்களுக்குள் அறிக்கை அனுப்புதல் - தொடர்பாக."

"எனக்கு மன அழுத்தம் இல்லையே சார்," என்றாள் சிவசங்கரி.

"இல்லேன்னா இல்லேன்னு டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். மூணு நகல்."

"அதுக்குத் திருப்பத்தூர் போகணுமே சார். லீவு தரமாட்டீங்களே. இப்பவே தலை வலிக்குது."

"பாத்தியா, வந்துடுச்சு. இனிமே நீ தகுதியுள்ள நபர்."

கோகுலகிருஷ்ணன் மேலிடத்துக்குப் போன் போட்டுத் தன் பொழுதுபோக்கு மதிய உறக்கம் என்று பதியச் சொன்னார். அலுவல் நேரத்தில் செய்வதெல்லாம் பொழுதுபோக்கில் சேராது, அது பணி என்று பதில் வந்தது. அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குகளின் பட்டியல் சுற்றறிக்கையின் பின்பக்கம் இருந்தது: குதிரையேற்றம், பனிச்சறுக்கு, ஆழ்கடல் நீச்சல், பொம்மைக் கட்டைகளால் ரயில் கட்டுதல்.

"மலையில மார்கழிக்குப் பனி இருக்கு. ஆனா சறுக்குற அளவுக்கு இல்ல," என்றார் கோகுலகிருஷ்ணன். ஜன்னல் வழியாகக் கடலைத் தேடுகிறவர்போல ஒருமுறை பார்த்தார். "ரயிலுதான்."

ரயில் கட்டுவதற்கான கட்டைப்பெட்டியும் சுற்றறிக்கையோடு வந்திருந்தது. ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற விரல் நகத்தளவு பிளாஸ்டிக் கட்டைகள், பேட்டரியில் ஓடும் மோட்டார், வளைந்த தண்டவாளம், கூடவே செய்முறைப் புத்தகம். கோகுலகிருஷ்ணன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முகம் கறுத்தது.

"எல்லாம் படமா இருக்கு. ஒரு எழுத்துகூட இல்ல. எழுத்துமூலமா வராத உத்தரவை நாம எப்படிம்மா அமல்படுத்துறது?"

"படத்தைத் தமிழாக்கம் பண்ணித் தரச்சொல்லி எழுதட்டுங்களா சார்?"

"எழுது. அவசரம்னு போடு."

வாசலில் மூன்று மணி நேரமாக நின்ற அருணகிரி இருமினார். "சார், பஸ்ஸு மனு..."

"யோவ், பாத்தா தெரியல? மன அழுத்தத்தைக் குறைக்கணும்னு எவ்ளோ அழுத்தத்துல இருக்கோம்! உக்காருய்யா."

உட்காரச் சொன்ன இடம் கட்டைப்பெட்டி இருந்த மேசைக்குப் பக்கம். அருணகிரிக்குக் கை சும்மா இருக்காது. ஊரில் யார் வூட்டு மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புத்தகத்தின் முதல் படத்தைப் பார்த்தார். ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்து அமுக்கினார். 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் தொட்ட எதுவும் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. சாமை மழையைக் கேட்கும், மழை யாரையும் கேட்காது, அலுவலகம் எதையும் கேட்காது. இந்தக் கட்டை மட்டும் வைத்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று வைத்தார். டிக். சாயங்காலம் சிவசங்கரி ஆபீசைப் பூட்ட வந்தபோது மேசைமேல் ஒரு எஞ்சினும் இரண்டு பெட்டியும் நின்றன.

கோகுலகிருஷ்ணன் பார்த்தார். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"பொதுஜனம் அரசுச் சொத்தைத் தொட்டது குத்தம், தெரியுமா?"

"தெரியாம தொட்டுட்டேன் சார்."

"பரவால்ல. நாளைக்கும் வந்து தெரியாம தொடு. இந்த ரயில் ஓடட்டும், ஒன் மனுவும் ஓடும்."

அருணகிரி மறுநாள் போனார். அதற்கு மறுநாளும் போனார். மனுவுக்காகத்தான் போகிறோம் என்று வூட்டில் சொன்னார். முதல் நான்கு நாள் அது உண்மையாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் மனுவை எடுத்துப்போக மறந்துவிட்டார்.

ரயிலென்றால் மலை வேண்டுமே. நிலுவையில் இருந்த பழைய மனுக்களை சிவசங்கரி கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்கினாள். ஜவ்வாது மலை மேசைமேல் எழுந்தது. அருணகிரி தண்டவாளத்தைச் சரிவாக ஏற்றும்போது கணவாய்க்கு அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். மூன்றாவது மனு. வழக்கப்படி அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் அந்த இடத்தில் கொஞ்சம்கூட ஆடாமல் ஏறியது. எழுதிய மனு ஒருவழியாக எதையோ தாங்குகிறதே என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஸ்டேஷனுக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தது. கீழ் ஸ்டேஷனுக்குத் திருப்பத்தூர் என்று எழுதினார்கள். மேல் ஸ்டேஷனுக்கு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அருணகிரி 'மேல்புளியங்கொல்லை' என்று எழுதி ஒட்டினார். புறப்படும் நேரம் காலை 7.10. மேலிருந்து யாராவது வந்து பார்த்தால் கேள்வி கேட்பார்கள், கேட்டால் பஸ் சங்கதியைச் சொல்லிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

மேலிருந்து வந்தார்கள். பொழுதுபோக்கு அமலாக்கத்தை ஆய்வு செய்யும் உயர் அலுவலர் ஓர் அம்மையார். ரயில் மனுமலையை ஏறி இறங்கி வந்து நின்றதும் கைதட்டினார்.

"இது எந்த ஊர் ஸ்டேஷன்?"

"மேல்புளியங்கொல்லைங்க மேடம். எங்க ஊருங்க," என்று அருணகிரி முன்னால் வந்தார்.

"தினமும் ஓடுதா?"

"தினமும் ஓடுதுங்க. காலையில ஏழு பத்துக்கு. ஒரு நிமிஷம்கூட லேட் ஆவாதுங்க." அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்ததை அவரே கவனித்தார். சட்டென்று நினைவு வந்து மடியிலிருந்து எட்டாவது மனுவை எடுத்து நீட்டினார். "ஆனா பஸ்ஸுதாங்க வரல."

அம்மையார் மனுவை வாங்கினார். படித்தார். ரயிலைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்துக் குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். ஏழு மனுவுக்கு யாரும் பேனாவைத் திறந்ததில்லை. அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தே நாளில் தபாலில் பதில் வந்தது. சுவேதா வாசித்தாள்.

"'தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கிராமத்திலிருந்து திருப்பத்தூருக்கு நாள்தோறும் காலை 7.10 மணிக்கு ரயில் இயங்கி வருவதும், அது ஒரு நிமிடமும் தாமதிப்பதில்லை என்பதும் கள ஆய்வில் நேரடியாக அறியப்பட்டது. ரயில் வசதி பெற்ற கிராமத்துக்குப் பேருந்து வசதி அவசியமற்றது எனக் கருதி, மனு முடித்துவைக்கப்படுகிறது.'"

கடிதத்தை மடித்தாள். "ஏம்ப்பா, நம்மூர்ல ரயில் வுட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான்பாட்டுக்கு நடந்துட்டிருக்கேன்."

அருணகிரிக்கு அவமானமும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. மேசையோடு தண்டவாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஆபீசுக்கு ஓடினார். அங்கே உள்ளே நுழைய முடியவில்லை. வாசலில் நூறு பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் பக்கத்து ஊரான நாவப்பாறைக்காரர்கள். முன்னால் நின்ற சிங்காரம் இவரைக் கண்டதும் பாய்ந்தார்.

"வாய்யா! ஒங்க ஊருக்கு மட்டும் ரயிலு, எங்களுக்கு இல்லியா? எங்க ஊரத் தாண்டித்தான திருப்பத்தூர் போவுது, அங்க ஏன் நிக்கல? நாங்க இன்னா அவ்ளோ எளப்பமா?"

"சிங்காரம், அது பொம்ம ரயிலுய்யா."

"பொம்மைன்னா? பொம்மையிலகூட எங்க ஊரு இருக்கக் கூடாதா?"

அந்த ரயிலில் ஒரு புளியங்கொட்டையைக்கூட ஏற்றி அனுப்ப முடியாது என்று சொல்லத்தான் அருணகிரி வாயைத் திறந்தார். ஆனால் நூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்புளியங்கொல்லைக்காரனை யாரும் அதுவரை பொறாமையோடு பார்த்ததில்லை. வாயிலிருந்து வேறு வந்தது.

"எங்க ஊரு டெர்மினஸ்யா. நடுவுல எல்லாம் சும்மா நிக்க முடியாது. முறையா மனு குடு."

கொடுத்தார்கள். கோகுலகிருஷ்ணன் அந்த இடத்திலேயே படித்து, அந்த இடத்திலேயே கையெழுத்திட்டு, நாவப்பாறையில் இரண்டு நிமிடம் ரயில் நிற்கும் என்று அறிவித்தார். அந்த அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்த நாளிலேயே தேறியது அதுதான் முதல் தடவை. கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எல்லோரும் நடந்து ஊருக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் யாராலும் தடுக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் ஸ்டேஷன் கேட்டார்கள். ஸ்டேஷன் கிடைத்த ஊரில் சங்கம் கட்டினார்கள். சங்கம் கட்டிய ஊருக்குக் கட்டைப்பெட்டி வந்தது. சாமை அறுக்கிற கைகள் டிக் டிக்கென்று எஞ்சின் பூட்டின. கூட்ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் முன்பெல்லாம் ஆட்சியைத் திட்டுவார்கள். இப்போது நீராவி எஞ்சின் அழகா டீசல் எஞ்சின் அழகா என்று சண்டை போட்டார்கள். பஸ் வராதது பலருக்கு வசதியாகக்கூட இருந்தது, பேச்சு பாதியில் அறுபடாது. பஸ் கேட்கும் மனுக்கள் ஒன்றும் வரவில்லை, மக்களுக்கு மன அழுத்தம் நீங்கிவிட்டது என்று கோகுலகிருஷ்ணன் அறிக்கை அனுப்பினார். அருணகிரி கௌரவ ஸ்டேஷன் மாஸ்டராக நியமிக்கப்பட்டார்.

சுவேதாவின் வருகைப் பதிவு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. அவள் ஒருநாள் நேராக அலுவலகத்துக்கே வந்தாள். அப்பா ஓர் ஓரத்தில் எஞ்சினுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு ஒரு சர்டிஃபிகேட் வேணும். ரயில் லேட் ஆனதால காலேஜுக்கு நேரத்துல வர முடியலன்னு."

கோகுலகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னாம்மா பேசற? நம்ம ரயிலு ஒருநாளாச்சும் லேட் ஆயிருக்கா? பொய் சர்டிஃபிகேட்டு நான் குடுக்க மாட்டேன். வேணும்னா ஸ்டேஷன் மாஸ்டரக் கேளு."

சுவேதா அப்பாவைப் பார்த்தாள். அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "லேட்டுன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? ஒரு நிமிஷம்கூட ஆனதில்லியே."

அவள் கோகுலகிருஷ்ணன் பக்கம் திரும்பி, "சரி சார். அப்ப உள்ளதையே எழுதிக் குடுங்க. ரயிலு சரியான நேரத்துக்குத்தான் போச்சு, நாந்தான் அதுல ஏறலன்னு," என்றாள்.

"அது உண்மை. அதத் தாராளமா குடுக்கலாம்." ஐந்து நிமிடத்தில் முத்திரையோடு சான்றிதழ் வந்தது.

கல்லூரி முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். சுவேதா, அவர் கத்துவார், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தயாராக நின்றாள். அவர் கத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பொருள்: மாணவர்கள் - மன அழுத்தம் - அகற்றுதல்.

"மேல்புளியங்கொல்லையாம்மா நீ? மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்களுக்கும் உத்தரவு வந்துடுச்சு. ரயில் கட்டத் தெரிஞ்ச ஆள் கெடைக்காம பதினஞ்சு நாளா தூக்கமே இல்ல."

வருகைப் பதிவு மன்னிக்கப்பட்டது. பரீட்சை எழுத அனுமதி கிடைத்தது. கல்லூரியின் பொம்மை ரயில் மன்றத்துக்கு சுவேதா செயலாளர் ஆனாள். மன்றம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, காலை எட்டு மணிக்குக் கூடும். செயலாளர் தவறாமல் வர வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கூட்ரோட்டில் ஆறு மணி பால் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

இப்போது அவள் நாலரைக்கெல்லாம் வூட்டை விட்டுக் கிளம்புகிறாள். அவ்வளவு இருட்டில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அருணகிரியும் எழுந்து தெருமுனைவரைக்கும் வருகிறார். அதற்குமேல் வர அவருக்கு நேரமில்லை, ஸ்டேஷன் வேலை இருக்கிறது. அங்கேயே நின்று, அவள் வளைவில் மறைகிறவரைக்கும், ஒரு பச்சைத் துணியை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.